ஆனைமலை மெஷினும் மூன்று எரர்களும்

கீபோர்டு முழுக்கப் பஞ்சுத் தூசி... தட்டத் தட்ட விரலில் ஒட்டும். பீளமேட்டில் ஒரு பழைய மில்லுக்குப் பின்பக்கம்தான் எங்கள் ஆபீஸ். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு ஆனைமலையிலிருந்து போன். அங்கே ஒரு தென்னை நார் கம்பெனிக்கு எடைச்சீட்டு சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தோம். சீட்டு பிரிண்ட் ஆகவில்லை. வாசலில் நான்கு லாரி, சீட்டு இல்லாமல் ஒன்றும் நகராது. அங்கிருந்த லினக்ஸ் மெஷினை முந்தின நாள் ஆபீஸிலிருந்தபடியே கடைசியாகத் தொட்டது நான்தான்.

தூரத்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று தட்டினேன். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... "கனெக்‌ஷன் டைம்டு அவுட்." அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை.

போனில் இருந்தது குமுதாக்கா. எடை மேடையில் சீட்டு கொடுப்பவர்.

"ஏனுங்க்கா, பெட்டிக்குப் பின்னால நீல நெட் ஒயரு இருக்குதுங்களா?"

"தொங்கிட்டு இருக்குதுங்க அம்மணி. காத்தால மேசையத் தொடச்சப்பக் கழண்டு போச்சாட்ட இருக்குது. சொருகிப்போடட்டுங்களா?"

சொருகினார். மறுபடி தட்டினேன். அடுத்த நொடியே, "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு!"

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். மறுக்கிறது என்றால் மெஷின் உயிரோடு இருக்கிறது!

ராத்திரி கரண்ட் போய் வந்ததாக அக்கா சொன்னார். அப்போதுதான் உறைத்தது. மெஷின் திரும்ப ஆன் ஆகும்போது சில புரோகிராம்கள் தானாக ஓட வேண்டும். அதை செட் பண்ண மறந்திருக்கிறேன். எஸ்எஸ்எச், எடைச்சீட்டு, இரண்டுமே நின்றிருந்தன. எஸ்எஸ்எச்சை ஓட்டும் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றையும் சத்தமாகத் திருப்பிச் சொல்லித் தட்டினார்.

இந்த முறை பாஸ்வேர்டு கேட்டது! போட்டேன். "பர்மிஷன் டினைடு."

"பர்மிஷன் டினைடு வந்துருச்சுங்க்கா!" என்று கத்தினேன்.

"அது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"ரொம்ப நல்லதுங்க! வாசப்படி வரைக்கும் வந்தாச்சு!"

குனிந்து பார்த்தால் என் கீபோர்டில் கேப்ஸ் லாக் எரிகிறது. அணைத்துவிட்டுத் தட்டினேன். உள்ளே!

எடைச்சீட்டு புரோகிராமை ஓட விட்டதும் போனில் கரகரவென்று பிரிண்டர் சத்தம். "வந்துருச்சுங்க! வந்துருச்சுங்க!" என்று அக்கா கத்தியது ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டு புரோகிராமையும் தானாக ஓடும்படி செட் பண்ணிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"இந்தப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்க அம்மணி, சாப்பிட்டுப்போட்டுப் போலாம்" என்றார்.

"கண்டிப்பா வாரேனுங்க்கா" என்றேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன, இப்போதும் இதே வேலைதான். நான் நுழையும் மெஷின்கள் எந்த நாட்டில் இருக்கின்றன என்றுகூடத் தெரியாது. கோளாறு வந்தால் மெசேஜ் வரும், பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை.

ஆனைமலைக்கு இன்னும் போகவில்லை... பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்தான்.