கூரைத் தண்ணீர் விழும் இடம்

நான் வேலை செய்வது நிலத்துக்குக் கீழே குழாய் போடுகிற கம்பனியில். கிண்டுவோம், போடுவோம், மூடுவோம். அதிகம் கதைக்கத் தேவையில்லை. எனக்கு அது சரி.

போன வசந்த காலத்தில் ஒரு கிராமத்தில் வேலை வந்தது. வின்டர்தூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். பழைய தேவாலயம் ஒன்றில் சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்தது. சுவரைச் சுற்றிக் கிண்டி வடிகால் குழாய் போட வேண்டும். பழைய இடம் என்றபடியால் கன்டோன் என்கிற மாகாண அரசிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். மண்ணுக்குள் கிடக்கிற பழையதுகளைப் பார்க்கப் படித்தவள். நாங்கள் கிண்டக் கிண்டப் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

வடக்குச் சுவரோரம் முழங்கால் ஆழம் கூடப் போகவில்லை, அவள் கையை உயர்த்தினாள். மெஷினை நிற்பாட்டினோம். நான் இறங்கிப் பார்த்தேன். கோழி எலும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அங்கால் இன்னொன்று. எல்லாம் குழந்தைகள். சுவரை ஒட்டி ஒரே வரிசையில் கிடந்தன.

எங்கள் வேலைக்குப் பொறுப்பான ஷெஃப் மேலே நின்று சத்தம் போட்டார்.

“எத்தினை நூறு வருசம் சும்மா கிடந்ததுகள். நான் குழாய் போட வரேக்கதான் எழும்ப வேணுமோ?”

“அவை எழும்பேல்லை. நீங்கள்தான் எழுப்பிறியள்,” என்றாள் அவள்.

ஷெஃப் கீழே இறங்கி வந்து பார்த்தார். தலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனார். அவருக்குப் பேரப்பிள்ளை கிடைத்திருந்த நேரம்.

அன்று மத்தியானம் வரை நான் அவளுக்கு மண் அள்ளிக் கொடுத்தேன். அவள் தூரிகையால் தட்டியபடி கதை சொன்னாள்.

ஊருக்கு மேலே மேட்டில் இரண்டு சுவர் நிற்கிறது. அதற்குள் மரம் முளைத்திருக்கிறது. அது முன்பு பிரபு வீட்டுக் கற்கோட்டை. பெரிய பிரபு இல்லை. இன்னொரு பெரிய பிரபுவுக்குக் குதிரையில் போய்ச் சண்டை பிடித்துக் கொடுத்து நிலம் வாங்கின ஆட்கள். ஊர்ச் சனம் அவர்களுக்கு விளைச்சலில் பங்கு கொடுக்க வேண்டும். வருசத்துக்கு ஒரு கோழி கொடுக்க வேண்டும். வீட்டுக்காரன் செத்தால் தொழுவத்தில் நல்ல மாடு எதுவோ அது கோட்டைக்குப் போகும். புருசன் செத்த வீட்டில் மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போவார்களாம். தேவாலயத்தைக் கட்டினதும் அவர்கள்தான். செத்தால் உள்ளுக்குள் புதைப்பார்கள், கல்லில் ஆளைச் செதுக்கி வைப்பார்கள். அந்தக் கல் இப்பவும் உள்ளே இருக்கிறது. ஆளின் காலடியில் ஒரு நாய் படுத்திருக்கிறது.

“அப்ப இந்தப் பிள்ளையள் ஆர்?” என்று கேட்டேன்.

செத்துப் பிறந்த பிள்ளைகள் என்றாள். ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளையைத் தேவாலயத்துக்குள்ளும் புதைக்கக் கூடாது, மயானத்திலும் புதைக்கக் கூடாது. அதனால் தாய் தகப்பன் கொண்டுவந்து கூரையின் கீழே சுவரோரம் வைத்தார்கள். அந்தக் காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற பீலி இல்லை. மழை பெய்தால் கோயில் கூரையில் பட்ட தண்ணீர் நேரே அந்த இடத்தில் விழும். அது ஞானஸ்நானம் போல ஆகிவிடும் என்று நம்பினார்கள்.

வரிசையின் கடைசியில் கிடந்த குழந்தையோடு ஒரு துணித் துண்டு ஒட்டியிருந்தது. மண் நிறம். ஆனால் ஒரு நூல் மட்டும் மினுங்கியது. தங்க நூல். அப்படியான துணி கோட்டையில் மட்டும்தான் இருந்திருக்கும் என்றாள். கோயில் கட்டினவனின் பிள்ளைக்கும் கோயிலுக்குள் இடம் கொடுக்கவில்லை. கோழி கொடுத்தவர்களின் பிள்ளைகளோடு வெளியில் கிடந்தது. அந்த வீட்டில் ஆண் வாரிசு நிற்கவில்லை. கடைசி ஆள் செத்தபோது அவருடைய கேடயத்தைத் தலைகீழாக வைத்துப் புதைத்தார்களாம். இனி ஆளில்லை என்று அர்த்தம்.

வேலை நின்றதால் அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போனேன். மனைவி அடுப்படியில் நின்றாள்.

“ஏன் வேளைக்கு வந்தனீங்கள்?”

“எலும்பு வந்திட்டுது.”

“ஆரின்ர எலும்பு?”

“சின்னப் பிள்ளையள். பிறக்கேக்கயே போனதுகள்.”

அடுப்பை நிற்பாட்டினாள். திரும்பவில்லை.

எங்களுக்கும் ஒன்று அப்படிப் போனது. வந்த புதிது. அகதி காம்ப்பில் இருந்தோம். பாசை தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். நேர்ஸ் ஒருத்தி பிள்ளையைச் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு வாங்கிக்கொண்டு போனாள். மனைவி கண் முழிக்கும்போது பிள்ளை இல்லை. என் கையில் தந்ததை மட்டும் நேர்ஸ் சைகையால் அவளுக்குக் காட்டினாள். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்கலாம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஊரில் என்றாலும் அப்படிப் போன பிள்ளைக்கு அந்தியேட்டிச் சடங்கு இல்லை, படம் இல்லை. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவள் அதைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

“என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றாள்.

சனிக்கிழமை போனோம். அந்தப் பெண் குழிக்குள் இருந்தாள். மற்றக் குழந்தைகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். தங்க நூல் பிள்ளை மட்டும் இன்னும் மண்ணில் கிடந்தது. ஷெஃப்புக்குச் சொல்ல மாட்டேன் என்று சொல்லி எங்களை இறங்கவிட்டாள்.

மனைவி வயோதிபர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிறாள். அவளுடைய ஜேர்மன் என்னுடையதை விட நல்லது. குந்தியிருந்து கனநேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தாய் பார்த்திருப்பாவோ?”

அந்தப் பெண் தூரிகையைக் கீழே வைத்தாள். எலும்பில் அது தெரியாது என்றாள். அவள் பொய்யாக ஒன்றும் சொல்லாதது எனக்கு நல்லதாகப் பட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி இடம் காலி. நான் யன்னல் பக்கம் அவளை விட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

“திரும்ப அந்தச் சுவரோரமே புதைக்கப் போகினமாம். வேணுமெண்டா இடைக்கிடை வந்து பூ வைப்பம்.”

“என்னத்துக்கு? அது அவையின்ர பிள்ளையள்.”

அவள் சொன்னது சரி. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். வயல், ஒரு பண்ணை, பிறகு வட்டப் பாதை. அவள் என் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளையை உங்கட கையில தந்தவையெல்லோ?”

“ஓம்.”

“பாரமோ?”

“பாரம்.”

“பொம்பிளைப்பிள்ளை எண்டு மட்டுந்தான் எனக்குச் சொன்னவை. ஆரைப் போல?”

நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

“தலைமயிர் கனக்க. ஈரமாக் கிடந்தது. காது உம்மட காது.”

“மூக்கு?”

“அம்மான்ர.”

“உங்கட அம்மான்ரயோ?”

“ஓம்.”

“பாவம் என்ர பிள்ளை,” என்றாள். சிரித்தாள். கொஞ்சம் பொறுத்து என் சட்டைக் கையைப் பிடித்தாள். “இன்னும் சொல்லுங்கோ.”

நான் பார்த்ததே கொஞ்ச நேரம். சொல்ல அவ்வளவு இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். புருவம் சொன்னேன். உதடு நீலம் என்று சொல்லவில்லை, மெல்லிசு என்று சொன்னேன். உதட்டுக்குக் கீழே நாடியில் ஒரு குழி. பஸ் வின்டர்தூர் ஸ்டேசனுக்கு வந்து நின்றது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். நான் நகங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.