ஆறுமணிக் குருவி கணக்கில் வருமா?

சித்தப்பா வெள்ளிமலையில் பள்ளி ஆசிரியராக இருந்தார். தான் பார்த்த பறவைகளை ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதிவைப்பார். நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் அந்த வரிசை தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றுவிட்டது. அவரைவிட எனக்குத்தான் அது பொறுக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள், கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் மோதி ஒரு குருவி விழுந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலுக்கடியில் சிவப்பு. ஒரு இறக்கை தொங்கியது. அட்டைப்பெட்டியில் வைத்தோம். சனிக்கிழமை வந்த சித்தப்பா, "ஆறுமணிக் குருவிடி இது" என்றார். அதுவரை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார். நான் அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினேன்.

"பொட்டியில இருக்கறதப் பாத்து எழுதனா, சர்க்கஸ் யானைய காட்டுல பாத்தேன்னு சொல்றமாரி."

"அப்ப வுட்டுட்டு எழுதுங்க."

"வுட்டாலும் நாம வுட்டதுதான? அது தானா எர தேடித் தின்னணும். நம்மளக் கண்டா பறக்கணும். அன்னிக்கு எழுதலாம்."

அம்மா வைத்த சாமை அரிசியை அது தொடவில்லை. வேலிக்கட்டையிலிருந்து கறையான் உதிர்த்துப் போட்டதும் தின்றது. பத்து நாளில் இறக்கை ஏறக்குறைய மேலே வந்தது. இத்தனை நிறம் உள்ள குருவி மலையில்தான் பிறந்திருக்கும் என்று அம்மா முடிவு செய்தாள். "மலையிலயே வுட்டுடுங்க, பாவம்." அது வடக்கேயிருந்து எங்கள் ஊர் வழியாகத் தெற்கே போகிற பறவை, கொல்லையிலேயே விட்டிருக்கலாம் என்பது சித்தப்பாவுக்கும் அப்போது தெரியாது. கூடையைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் போனோம். பள்ளிக்குப் பின்னால் புதரில் விட்டபோது அது பறக்கவில்லை. தத்தித் தத்திச் சருகுக்குள் போய்விட்டது.

அரையாண்டு விடுமுறையில் நான் மறுபடி போனபோதும் சித்தப்பா தினமும் விடிந்ததும் அந்தப் புதருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துக்குக்கூட இவ்ளோ சீக்கிரம் போனதில்ல உங்க சித்தப்பா. சோறும் கம்மியாயிடுச்சி" என்றாள் சித்தி.

நானும் கூடப் போனேன். ஈரத்தில் உட்கார்ந்துவிட்டு, எதுவும் காணாமல் திரும்புவோம். நாலாம் நாள் எனக்கு அலுத்துவிட்டது. சாயங்காலம் தனியாகப் போய்த் திரும்பி, பார்த்துவிட்டேன் என்றேன். பலா மரத்தடியில் புழு பொறுக்கியது, என்னைக் கண்டதும் பறந்தது என்றும் சொன்னேன்.

சித்தப்பா நோட்டைத் தொடவில்லை.

"எறக்க தொங்குச்சா?"

"இல்லீங்க சித்தப்பா."

"நல்லா பாத்தியா? நேரா வச்சிக்கினு இருந்துச்சா?"

"ஆமாங்க. எழுதுங்க."

"பாத்தது நீ. உன் நோட்டுல எழுதிக்கோ" என்று சிரித்தார். அன்று சித்தியிடம் இரண்டாம் முறை சோறு கேட்டார். மறுநாள் புதருக்குப் போகவில்லை. வெயில் ஏறும்வரை தூங்கினார்.

போன மாதம் என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகிவிட்டதாகத்தான் காகிதத்தில் எழுதியிருக்கிறது. ஆனாலும் அவள் மாடிப்படி ஏறும்போதெல்லாம் நான் கீழே நின்று மூச்சுச் சத்தத்தைக் கேட்கிறேன். கல்லூரியில் பார்த்தேன், நன்றாக நடந்து போனாள் என்று யாராவது சொன்னால் அன்றைக்குக் கொஞ்சம் சோறு இறங்குகிறது. சொன்னவரை நான் துருவிக் கேட்பதில்லை.

அன்று சித்தப்பா தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு இருந்த வருத்தம் ஒன்றுதான். அவ்வளவு பெரிய பொய் சொல்லியும் நூறு ஆகவில்லை.