மாடி அறையும் மாறும் விண்மீன்களும்

மாறும் விண்மீன்களை வகை பிரிக்கிறவள் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தேவையே இல்லை; காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் போதும்.

சில விண்மீன்களின் ஒளி ஒரே மாதிரி இருக்காது. கூடும், குறையும். எங்கேயோ ஒரு மலைமேல் இருக்கும் தொலைநோக்கி அதை அளந்து புள்ளி புள்ளியாக அனுப்பும். ஒரே விண்மீன் விம்மிச் சுருங்குகிறதா, இரண்டு விண்மீன்கள் சுற்றிவந்து ஒன்றை ஒன்று மறைக்கின்றனவா என்று பெரும்பாலும் கணினியே சொல்லிவிடும். அதற்கும் சந்தேகம் வந்தவை என் திரைக்கு வரும். ஆரணிக்கு ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தத்தான் வந்தேன். அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் இந்த ஒப்பந்த வேலை கிடைத்ததும் பக்கத்துச் சேவூரில் மாடி அறை ஒன்றை எடுத்துத் தங்கிவிட்டேன். வீட்டிலேயே தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் அன்பர்களே, சாயங்காலம் பால் வாங்கப் போய் "அரை லிட்டர்" என்னும்போது, அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று உறைக்கும் பாருங்கள், அது உங்களுக்கும் நடந்திருக்கும்.

அறை பார்த்த அன்று

வீட்டுக்கார மல்லிகா அக்கா கீழே கணவரோடு பட்டுத் தறி நெய்கிறவர். என்ன வேலை என்று கேட்டார். நட்சத்திரம் பார்க்கிற வேலை என்றேன். ஜாதகமா என்றார். இல்லை என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, ஒண்ணு மங்கிப் போச்சுன்னா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"எதுவும் பண்ண முடியாதுங்க. மங்கிச்சுன்னு எழுதி வெப்பேன்."

வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று அடுத்துக் கேட்டார். யாரும் வரமாட்டார்கள் என்றேன். அவர் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுச் சாவியை நீட்டினார். "எங்க தறி சத்தம் உங்களுக்குக் கேக்கும். உங்க சத்தம்தான் எங்களுக்குக் கேக்காது போல."

கவுண்டரில்

கேஸ் இணைப்பை என் பெயருக்கு மாற்றப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தொழில் என்ன என்று கேட்டார். சொன்னேன். இரண்டாம் தடவை கேட்டார். இரண்டாம் தடவையும் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் கணினியில் இருந்த பட்டியலை மேலும் கீழுமாக உருட்டினார். விவசாயம் இருந்தது, நெசவு இருந்தது, வியாபாரம் இருந்தது.

"ஹவுஸ்வைஃப்னு போட்டுக்கிறேங்க."

"எனக்குக் கல்யாணம் ஆகலைங்க."

அவர் தலை நிமிரவில்லை. "பரவால்லீங்க. வீட்லதானே இருக்கீங்க."

ஒரு பள்ளம் விட்டு ஒரு பள்ளம்

ஒரு நாள் மத்தியானம் டேங்கில் தண்ணீர் இல்லை, மோட்டார் போடட்டுமா என்று கேட்க மல்லிகா அக்கா மேலே வந்தார். திரையில் ஒரு விண்மீனின் ஒளிக்கோடு ஓடிக்கொண்டிருந்தது: மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எல்லாப் பள்ளமும் ஒரே அளவு, ஆகவே விம்மிச் சுருங்கும் ஒற்றை விண்மீன் என்று அப்போதுதான் பதிலை அனுப்பியிருந்தேன். அவர் மோட்டாரை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தப் பள்ளமும் அடுத்த பள்ளமும் ஒண்ணு இல்லீங்களே. ஒண்ணு விட்டு ஒண்ணு கொஞ்சம் மேல நிக்குது. சேலையில பூ புட்டா இப்பிடி விழுந்தா எங்க முதலாளி சேலையைத் திருப்பி அனுப்பிடுவாரு."

பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். மயிரிழை வித்தியாசம். ஒரே அளவில்லாத இரண்டு விண்மீன்கள் மாறி மாறி மறைத்தால்தான் அப்படி வரும். இரண்டு வருடமாக இதையே செய்கிற எனக்குத் தெரியவில்லை. தப்பு செய்துவிட்டேன், அது ஒன்றில்லை, இரண்டு என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு விண்மீன்மேல் பரிதாபம் வந்துவிட்டது.

"அடப்பாவமே, ஜோடியா இருக்கிறதைப் போய் ஒண்டிக்கட்டைன்னு எழுதிட்டீங்களே."

காய்ச்சல்

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்திருந்தேன். மல்லிகா அக்கா குடும்பம் திருமணத்துக்காக வெளியூர் போயிருந்தது. தறி ஓடாமல் வீடு முழுக்க அமைதி. கஞ்சி நானே வைத்துக்கொண்டேன். நான்காம் நாள் மின்னஞ்சல் ஒன்று வந்தது. நான் நான்கு நாளாக எந்த விண்மீனையும் பார்க்கவில்லை என்றும், ஏதும் சிரமமா என்றும் கேட்டிருந்தது. யாரோ தேடுகிறார்கள் என்று கண் கலங்கிவிட்டது. காய்ச்சலையும் தலைவலியையும் விவரித்து நீளமாகப் பதில் எழுதினேன். அடுத்த நொடியே பதில் வந்தது. அதன் தமிழ் இது: "தங்கள் புகார் பெறப்பட்டது. இது தானியங்கிச் செய்தி, பதில் அனுப்ப வேண்டாம்."

பதினேழு

எங்கள் வேலையில் ஒவ்வொரு விண்மீனையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்போம். பதில் ஒத்துப்போகாவிட்டால் காரணத்தை ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். பெயர் தெரியாது, எண் மட்டும். என் எண் நான்கு. என்னோடு எப்போதும் வந்தது பதினேழு. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. "நான்கு அவசரப்படுகிறார்" என்று பதினேழு எழுதும். "பதினேழு கண்ணாடி மாற்றலாம்" என்று நான் எழுதுவேன். இரண்டு வருடத்தில் நான் அதிகம் பேசியது அந்தக் கட்டத்தில்தான்.

ஒரு திங்கட்கிழமை பதினேழுக்குப் பதில் இருபத்துமூன்று வந்தது. அடுத்த வாரமும் அதேதான். இருபத்துமூன்று நான் சொன்னதற்கெல்லாம் ஒத்துக்கொண்டது. கட்டம் காலியாகவே கிடந்தது. மேற்பார்வையாளருக்கு எழுதினேன். விவரம் தருவது விதிக்குப் புறம்பு என்றார். பெயர் வேண்டாம், நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் சொல்லுங்கள் என்று மறுபடி எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: அவர் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் நான் இரட்டை என்று குறித்த விண்மீனுக்கு எதிரே 'ஒற்றை' என்று வந்தது. எண் பதினேழு. அந்தக் கட்டத்தில் விண்மீனைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது. இருந்தாலும் "வந்துவிட்டீர்களா? வீட்டில் எப்படி இருக்கிறது?" என்று எழுதினேன். அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இருந்தது. "வந்துவிட்டேன். வீட்டில் இனி நான் மட்டும்தான். நான்காம் எண்ணின் விடை தவறு, கேட்டதற்கு நன்றி."

மங்குவது தனியா ஜோடியா என்று கணினியால் சொல்ல முடியாத வரைக்கும் என் வேலைக்கு ஆபத்தில்லை.