பேணி குலுக்கிய நடராசா

நடராசா ஓய்வு பெற்ற பிறகும் கண்டக்டர் வேலையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட நோயாளரைக் கடைசி மூச்சுவரை வைத்துப் பராமரிக்கும் இல்லமொன்று நெளுக்குளத்தில் இருந்தது. தொண்ணூற்றெட்டில், அதைப் பொறுப்பாக நடத்திய சுமித்திரா, தருமம் சேர்க்கவென்று ஒரு தகரப்பேணியை அவர் கையில் கொடுத்ததுதான் தாமதம், மனிதர் வவுனியாக் கடைவீதியையே பஸ்ஸாக மாற்றிவிட்டார். யாராவது தாள்காசு போட்டால், "மிச்சம் வேணுமோ?" என்று கேட்டுத் தன் சட்டைப்பையிலிருந்து சில்லறை எடுத்து நீட்டுவார். போடாமல் நழுவுகிறவர்களை, டிக்கட் எடுக்காமல் பின் சீற்றில் நித்திரைபோல் கிடப்பவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேணி நிரம்பியது.

இவ்வளவு வாய்க்காரருக்கு ஒரேயொரு இடத்தில் மட்டும் கால் எழாது. அது அந்த இல்லத்தின் வாசல். பேணியைக் கேற்றடியில் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிவிடுவார். உள்ளே முத்துலிங்கம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். முல்லைத்தீவு பஸ்ஸை அவர் ஓட்ட, நடராசா டிக்கட் கிழிக்க, ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்று வயது போனவர்கள் இருவரும். இப்போது ஆள் எலும்பும் தோலும் என்று கேள்வி. அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்க நடராசாவுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

மனைவி கமலாட்சி விடவில்லை.

"ஊரெல்லாம் கேட்டுத் திரியிறியள். அந்த மனுசனை ஒருக்காப் போய்ப் பாத்தால் என்ன?"

"நான் போறதை விட, பேணி நிரம்பினால்தான் அவனுக்கு நல்லது."

"ஓமோம். பேணி போய்க் கட்டிலடியில இருந்து அவரோட கதைக்கும்."

கமலாட்சிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பிழையாகச் சொல்லமாட்டார்.

ஒரு திங்கட்கிழமை வசூல் படுமந்தம். இல்லத்தின் பெயரை எடுத்தாலே முதலாளிமார் முகத்தைச் சுளித்தார்கள். காலங்காத்தாலே கடைக்குள் சாவுக்கதை கேட்க யாருக்குத்தான் விருப்பம்? நடராசா ஓர் உபாயம் கண்டுபிடித்தார். புடவைக்கடை ஜமால்தீன் நானாவிடம் போய், இல்லத்தின் பெயரையே எடுக்காமல், பேணியை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்கட முத்துலிங்கம் டிரைவருக்குத்தான், நானா."

அந்த வீதியில் ஒரு வழக்கம் உண்டு. கையில் வசதியில்லாத ஒருவர் இறந்துபோனால், தெரிந்தவர் யாராவது கடைகடையாக ஏறிச் செத்தவீட்டுச் செலவுக்குச் சேர்ப்பார். வாங்குகிறவர் விளக்கம் சொல்லமாட்டார். கொடுக்கிறவரும் கேட்கமாட்டார். ஜமால்தீன் ஒரு சொல் பேசாமல் காசைப் போட்டார். அடுத்த கடையிலும் அப்படியே, அதற்கடுத்த கடையிலும் அப்படியே. இந்தப் புத்தி முதலே வராமல் போய்விட்டதே என்று நடராசா தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். திரும்பிப் பார்த்தபோது கடைகளெல்லாம் பாதிக் கதவு சாத்திக் கிடந்தன. வெயிலுக்காக்கும் என்று நினைத்தார். கண்டக்டருக்குச் சனத்தை எண்ணத் தெரியும். அதன் மனதில் ஓடுவது தெரியாது.

பின்னேரம், கனத்த பேணியோடு உற்சாகமாக நெளுக்குளத்துக்கு மிதித்தார். இல்லத்து வாசலில் கடைக்காரர்கள் செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையும் கையுமாகச் சனம் நின்றது. நடுவில் தொப்பி போட்ட ஜமால்தீன், இவரைக் கண்டதும் தலை குனிந்தார்.

"நல்ல மனுசன், நடராசாண்ணன். உங்களுக்குத்தான் பெரிய இழப்பு."

இந்தச் செய்தியை ஊருக்குள் விட்டது தானேதான் என்பது அந்த நேரத்தில் நடராசாவுக்கு ஓடவில்லை. தான் பார்க்காமலே முத்துலிங்கம் போய்விட்டான் என்பது மட்டும்தான் தெரிந்தது. சைக்கிள் ஒரு பக்கம் விழ, பேணி இன்னொரு பக்கம் உருள, அத்தனை நாளும் தாண்டாத அந்த வாசலைத் தாண்டி ஓடினார். குறுக்கே ஏதோ சொல்ல வந்த சுமித்திராவையும் அவர் பார்க்கவில்லை.

உள்ளே, யாரோ கொண்டுவந்த மாலையை மடியில் வைத்துக்கொண்டு, தலையணையில் சாய்ந்தபடி முத்துலிங்கம் இருந்தார். பயந்ததைப்போலவே எலும்பும் தோலும்தான். ஆனால் முகத்தில் அதே பழைய கேலிச் சிரிப்பு. மூச்சு வாங்க நின்ற கூட்டாளியை ஆறுதலாகப் பார்த்தார்.

"நீ என்னைப் பாக்க வாறதுக்கு நான் சாகவேண்டிக் கிடந்ததோடா?"

நடராசா கட்டிலோரம் இருந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.