பவுசரில் மிச்சமிருந்த தண்ணீர்

1. முதல் நாள்

வால்வைத் திறந்த அடுத்த நொடியே மூடிவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. அப்படி ஒரு கூட்டம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சோமாலியாவின் ஒரு சிறு டவுனுக்கு இந்திய ராணுவத்தின் எங்கள் இன்ஜினியர் கம்பெனி அமைதிப்படை வேலைக்குப் போயிருந்தது. நான் டிரைவர். தண்ணீர் லாரிக்கு ராணுவத்தில் பவுசர் என்று பெயர். கேம்ப் போர்வெல்லில் நிரப்பி, குளோரின் போட்டு, சந்தை மைதானத்தில் நிறுத்தி சனங்களுக்குப் பிடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் டியூட்டி.

அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒரு பெண் கீழே விழுந்தாள். எஸ்கார்ட் ஜவான்கள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள். அப்போது ஐம்பது வயதுள்ள உயரமான ஓர் அம்மா உள்ளே புகுந்து, விழுந்தவளைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போட்டாள் ஒரு சத்தம். கூட்டம் பின்வாங்கியது. அவள் பெயர் ஹலிமா. பம்பாய்த் துறைமுகத்தில் வேலை பார்த்து இந்தி கற்றிருந்த யூசுப்தான் எங்கள் மொழிபெயர்ப்பாளர். அவரிடம் ஹலிமா சொன்னாள்: “ஆள் நிற்க வேண்டாம். கேன் நிற்கட்டும்.”

மஞ்சள் கேன்கள் வரிசையாக நின்றன. ஆட்கள் மரத்தடி நிழலில் உட்கார்ந்தார்கள். கோபிச்செட்டிபாளையத்துக்காரரான எங்கள் சுபேதார் சிரித்துவிட்டார்.

“நம்மூருத் தெருக்கொழா மாதிரியே இருக்குது பாரு கண்ணு.”

2. ஹலிமாவின் வரிசை

அதன்பிறகு தினமும் அதே மைதானம். வெயில், புழுதி, ரோட்டை மறித்துப் படுத்திருக்கும் ஆடுகள், மதியத்துக்கு ஆறிப்போன சப்பாத்தி. ஹலிமா என்னிடமிருந்து ‘போதும்’, ‘அடுத்து’ என்று இரண்டு வார்த்தைகள் கற்றுக்கொண்டாள். கேன் நிரம்பியதும் “போதும்” என்று அவளே அதட்டுவாள். எனக்குச் சிரிப்பு வரும். எல்லோருக்கும் பிடித்து முடித்த பிறகுதான் தன் இரண்டு கேன்களைக் கொண்டு வருவாள்.

3. இரண்டு கேன்

ஒரு நாள் சந்தைக்குப் பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இரண்டு நிமிடத்தில் கிளம்ப ஆர்டர். ஹலிமாவின் கேன்கள் மட்டும்தான் பாக்கி. நான் வால்வை மூடி ஹோஸைச் சுருட்டினேன். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டே கேன் என்று அர்த்தம். பார்க்காதவன் போல வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் வெகுதூரம் வரைக்கும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். கேம்ப்பில் வந்து பார்த்தால் டேங்கில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

மூன்று நாள் வெளியே விடவில்லை. நான்காம் நாள் போனபோது ஹலிமா இல்லை. யூசுப் விசாரித்து வந்தார். “அவள் மகளுக்கு வாந்தி, பேதி. பழைய கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பிணி.”

ஓடிப்போய்ச் சுபேதாரிடம் சொன்னேன். “சாப், நான் வால்வை மூடுனதாலதானுங்க.”

“நீ ஆர்டருக்கு மூடுனே. அதுல தப்பில்லை,” என்றார். “இப்பப் போய்ப் பாக்கறதுக்கும் ஆர்டர் வேணுமல்லோ? இரு, நான் வாங்கிட்டு வாரேன்.”

அரை மணி நேரத்தில் டாக்டரோடு போனோம். தகரம் வேய்ந்த ஒற்றை அறை. அந்தப் பெண்ணுக்குக் கண் செருகிக் கிடந்தது. அங்கேயே டிரிப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்து கேம்ப் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஹலிமா வழியெல்லாம் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மகள் எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றில் பிள்ளை அசைவதாக டாக்டர் சொன்னார். நான் யூசுப்பைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஹலிமா மகளின் போர்வையை இழுத்து மூடினாள். பிறகு சொன்னாள்: “அன்றைக்கு உன்னைத் திட்டினேன். ரொம்பத் திட்டினேன். சத்தம் அடங்கியதும், நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று நினைத்தேன்.”



மறுநாளிலிருந்து வண்டி நின்றதும் அவள் கேனைத்தான் முதலில் நிரப்பினேன். அவள் தடுத்தாள். நான் கேட்கவில்லை. வரிசையில் இருந்தவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

4. ஒரு கேள்வி

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் ஹலிமா கேட்டாள்: “உன் வீட்டில் தண்ணீர் பிடிப்பது யார்?”

“என் மனைவி.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

யூசுப் பதிலுக்காக என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை. எட்டு வருடமாகத் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவன் நான். ஹலிமா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

என் ஊர் கருமத்தம்பட்டியில் வந்து இறங்கிய மறுநாள் காலை, மனைவி சரசு குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் எழுந்து பின்னாலேயே போனேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை கொடம் அம்மணி புடிக்கறே?”

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். “பதினாலுங்க. மாட்டுக்கும் சேத்துனா பதினெட்டு. ஏனுங்க, இதைக் கேக்கறதுக்கா அத்தனை தூரத்துலிருந்து வந்தீங்க?”

“ஆமா” என்றேன். அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கினேன்.

“ஐயோ, குடுங்க. ஆராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?” என்றாள். ஆனால் குடத்தை விட்டுவிட்டாள்.