என்னைத் தோண்டி எடுக்க வேண்டியவன்

உறுவையாற்றில், கரும்பு வெட்டி முடித்த எங்கள் அரைக் காணி நிலத்தில் ஒரு ஞாயிறு காலை நடந்தது இது:

1. சிக்னல் அனுப்பும் சிறு கருவி ஒன்றைத் துணிப்பையில் போட்டு, முழங்கை ஆழத்தில் புதைத்து, மேலே கரும்புச் சோகையைப் பரப்பினேன். அந்தப் பைதான் நான்.
2. அதே மாதிரி இன்னொரு கருவியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் என்னைத் தேடினான்.
3. பத்து நிமிடம் கொடுத்தேன். நாற்பத்து மூன்று ஆனது.
4. கிடைத்தேன். முழுதாக இல்லை.

அண்ணனுக்கு வில்லியனூரில் ஹார்டுவேர் கடை. நான் சோதனைப் பொறியாளர். ஒரு சாதனம் ஒழுங்காக இயங்குகிறது என்று யார் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இரண்டு குளிர்காலம் காஷ்மீரில், குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பலகை பழகிவிட்டோம். இந்த முறை கயிறு கட்டிய பாதையைத் தாண்டி, யாரும் சமன்செய்யாத சரிவில் இறங்கத் திட்டம். அங்கே பனி மொத்தமாகச் சரிந்து மூடினால், கீழிருந்து ஆள் வருவதற்குள் மூச்சு நின்றுவிடும். உடம்பில் கட்டிய கருவியின் சிக்னலை வைத்து, கூட வந்தவர்தான் தேடித் தோண்டி எடுக்க வேண்டும். அதனால் அங்கே எங்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி போனில் ஒரே நிபந்தனை வைத்தார்: இருவரும் ஊரிலேயே தேடப் பழகிவிட்டு வர வேண்டும்.

அண்ணனுக்குப் பதிலாகப் புதைத்த பையை நான் மூன்று முறை தேடி எடுத்துக் காட்டினேன். இனி என் உயிர் அவன் கையில். அந்தக் கையில் போன் இருந்தது.

“ண்ணா, போனைத் தூரமா வை. பக்கத்துல இருந்தா கருவி கொழம்பும்.”

“இரு பாப்பா, கடை குரூப்புல வீடியோ போடணும்.”

திரையில் அம்புக்குறி எல்லாத் திசையிலும் சுற்றியது. அண்ணனும் சுற்றினான். வரப்பில் உட்கார்ந்திருந்த அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் செத்த நேரம் போச்சுன்னா, பால் தெளிச்சிட்டே வூட்டுக்குப் போயிடலாம்.”

போனைப் பிடுங்கிய பிறகு இடம் ஒருவாறு தெரிந்தது. அடுத்து, மடக்குக் கம்பியை நீட்டிக் குத்திப் பார்த்து, சரியான புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். கம்பி நீளவில்லை. ஆயுத பூஜையன்று ஒவ்வொரு மூட்டிலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தான். அது காய்ந்து சிமெண்ட் ஆகியிருந்தது.

“இன்னா கம்பி இது? கம்பெனி சரியில்ல.”

“சந்தனம் பூசுனது கம்பெனியா, நீயா?”

“பூஜ போடாத சாமானோட மலைக்குப் போவச் சொல்றியா?”

முதுகுப் பையில் அடங்குகிற அலுமினிய மண்வாரியை நீட்டினேன். அவன் அதைத் தொடவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த மம்பட்டியை எடுத்தான்.

“அது பீச்சுல கொழந்தைங்க வெளையாடுறதுடி. மம்பட்டி விக்கிறவனுக்கே தோண்டக் கத்துக் குடுக்கிறியா?”

மம்பட்டி விற்பவன் நன்றாகவே தோண்டினான். நான்கு தவறான இடங்களில். ஐந்தாவது குழியில் ஓங்கிப் போட்ட வெட்டில் துணிப்பை கிழிந்து, கருவி இரண்டு துண்டாக வெளியே வந்தது. ஒரு துண்டை உயர்த்திப் பிடித்துச் சிரித்தான்.

“கெடச்சிட்டடி! பாஸ்தானே?”

அண்ணி எழுந்து வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“தல எது, ஒடம்பு எதுன்னு அவளையே கேட்டுச் சொல்லு.”

அன்று மதியமே வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பினேன். இந்தக் குளிர்காலம் இருவரும் குல்மார்க் போகிறோம். கயிற்றுக்கு உள்ளே மட்டும் சறுக்குவோம். அண்ணன் ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. அடுத்த ஒத்திகைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.