முதலாளிக்கு ஒரு தொட்டி

என் வீட்டுக்காரருக்கு அழுக்கு என்றால் ஆகாது. நான் கழுவி வைத்த தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கழுவுவார். நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்குவேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி இந்தச் சண்டையிலேயே ஓடிவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் சண்டை போட வேறு விஷயமும் அகப்படவில்லை.

தொழில் அவரை அப்படி ஆக்கிவிட்டது. நாங்கள் இருவரும் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறோம். நான் நர்ஸ், அவர் டெக்னீஷியன். சிறுநீரகம் கைவிட்டவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார்கள். நான் கையில் ஊசி போட்டு இயந்திரத்தோடு இணைப்பேன். அரை நாள் சாய்வு நாற்காலியில் கிடந்து, ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதற்கு வேண்டிய தண்ணீரைத் தயார் செய்வது இவர் பொறுப்பு. பின்பக்க அறையில் ஆளுயர உருளைகளும் குழாய்களும் மோட்டார்களும் நிற்கும். ஒரு கிருமிகூட அதில் குடியிருக்கக் கூடாது. வாராவாரம் குழாய் முழுக்க மருந்தை ஓடவிட்டுக் கழுவி, அந்த மருந்தின் வாசனையும் போன பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார். நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் தண்ணி மந்திரி. மனிதருக்கு உள்ளூர அதில் ஏகப் பெருமை.

எங்கள் பிரிவில் இன்னொரு பழக்கமும் உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவைப் பற்றி நோயாளியிடம் டாக்டர்தான் பேச வேண்டும். டாக்டரோ வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதனால் யார் கேட்டாலும் நாங்கள் "நார்மல்தான், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிடுவோம். பயந்துபோன ஆளுக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாகும், இயந்திரம் கத்தும், எங்களுக்கு இரட்டை வேலை. அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. கையுறை போட்டுக்கொள்வது மாதிரி அதுவும் வேலையில் ஒன்று.

ஜன்னலோர நாற்காலி ஒரு தையல்காரருடையது. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். நோய் வந்த பிறகு கடையில் உட்கார முடியவில்லை. மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கே அவருக்கே ஒரு சோபாதான். ஆனால் கடையில் ஒரு மீன் தொட்டி மிச்சமிருந்தது. அதில் இரண்டு ஆஸ்கர் மீன்கள், முழங்கை நீளம் வளர்ந்தவை. பெரியதற்கு முதலாளி என்று பெயர். இவர் தைக்கும்போது கண்ணாடியில் மூக்கை வைத்து முறைத்துக்கொண்டே இருக்குமாம், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று. அதன் ஜோடி முதலாளியம்மா.

"கடையைக் காலி பண்ணணும் தம்பி. என் சாமானை எல்லாம் யாராவது எடுத்துப்பாங்க. முதலாளியை யார் எடுப்பா?" என்றார் ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம்.

ஊசி போட்ட கையால் வாளி தூக்க முடியாது. மகள் வீட்டில் இடமில்லை. மீன் கடைக்காரன் இவ்வளவு பெரிய மீனை வைக்க எங்களிடம் தொட்டி இல்லை என்று கையை விரித்துவிட்டான். எங்கள் பிரிவில் அந்த மனிதர் வேறு எதற்கும் வாய் திறந்து கேட்டவர் இல்லை. என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "நான் எடுத்துக்கறேன் ஐயா. சின்னத் தொட்டி இல்ல, மாளிகையே கட்டித் தர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்றோடு எங்கள் கூடம் போயிற்று.

சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தொட்டி. சோபா படுக்கையறைக்குப் போனது, பீரோ நடைக்கு வந்தது, நான் பக்கவாட்டில் நடக்கக் கற்றுக்கொண்டேன். கொத்தனாரைக் கூட்டிவந்து தரை இந்தப் பாரத்தைத் தாங்குமா என்று தட்டிப் பார்த்தார். கீழ்வீடு என்பதால் தாங்கும் என்றார் கொத்தனார். அடுத்தது ஃபில்டர். பெரிய தொட்டியின் மூலையில் வழிகிற தண்ணீர் குழாய் வழியே கீழே இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அதில் தடுப்புத் தடுப்பாக முதலில் பஞ்சு, அப்புறம் ஸ்பாஞ்சு, அப்புறம் பீங்கான் வளையங்கள், கடைசியில் கரி. அங்கிருந்து மோட்டார் மேலே தள்ளும். இதையெல்லாம் அவர் தரையில் சாக்பீஸால் வரைந்துவைப்பார், நான் கூட்டும்போது அழிந்துவிடும், மறுபடி வரைவார்.

திட்டம் போட்டதெல்லாம் ஜன்னலோர நாற்காலி பக்கத்தில்தான். இயந்திரம் ஒருபக்கம் சுற்றிக்கொண்டிருக்கும், இவர்கள் இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"மோட்டார் ரெண்டா வை தம்பி. ஒன்னு படுத்துட்டா இன்னொன்னு ஓடணும்."

"வெச்சாச்சு ஐயா. கரண்ட் போனா பேட்டரியும் இருக்கு. அப்புறம், கூட நிறைய சின்னச் சின்ன மீனா விடலாம்னு இருக்கேன். கலர் கலரா, கூட்டமா."

"யாருக்கு, முதலாளிக்கு டிபனா?"

பக்கத்து நாற்காலிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். கடைசியில் முதலாளியின் வாய்க்குள் போகாத அளவில், உள்ளங்கை அகல வெள்ளிக்காசு மீன்கள் ஒரு கூட்டம், அடியில் மேய இரண்டு கெளுத்தி என்று முடிவாயிற்று. "ஒரேயடியா விடாத. முதல்ல இவங்க ரெண்டு பேரும் பழகட்டும். மத்ததை மெதுவா ஒன்னொன்னா விடு" என்றார் தையல்காரர். அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு களை வந்தது. அளவு எடுக்க வந்த வாடிக்கையாளரிடம் பேசுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் கூடம் போன கோபம் பாதி ஆறிப்போயிற்று.

அவருடைய மருமகன் ஒரு டிரம்மில் இரண்டு மீன்களையும் கொண்டுவந்து இறக்கினான். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. பழைய தொட்டியின் ஸ்பாஞ்சு அதில் தண்ணீரோடு இருந்தது. கருப்பாக, வழவழவென்று, மண்வாசனையோடு. "மாமா இதையும் உள்ளே வைக்கச் சொன்னார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "பாவம், கை முடியாம கடைசியில கழுவாமயே விட்டுட்டார் போலிருக்கு" என்றார். குழாய் கழுவுகிற மருந்தில் அதை ஊறப்போட்டு, பிழிந்து, மறுபடி ஊறப்போட்டு, மருந்து போகும்வரை அலசி, புத்தம் புதுசு மாதிரி ஆக்கி ஃபில்டருக்குள் வைத்தார். அதோடு விட்டாரா? தையல்காரருக்கு நிறைந்த தொட்டியைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் வெள்ளிக்காசு மீன்களையும் கெளுத்திகளையும் அதே நாளில் விட்டார். அதை அப்படியே செல்போனில் படம் பிடித்தார். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு. காற்றில் மீன் மிதக்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்துத் தையல்காரர் அழுதேவிட்டார். "ராஜா மாதிரி இருக்காரு" என்றார்.

வாரம் திரும்புவதற்குள் ராஜா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றார். பிறகு எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. காற்றுப் போதவில்லை என்று காற்றுக்குழாய் இரண்டு கூடுதலாகப் போட்டார் இவர். ஆஸ்பத்திரியிலிருந்து சோதனைத் தாள் கொண்டுவந்து நனைத்துப் பார்த்தார். குளோரின் இல்லை. உப்பு சரி. "எல்லாம் நார்மலா இருக்கே!" என்று தாளையே முறைத்தார். அப்படியானால் கிருமிதான் என்று முடிவு கட்டி, ஃபில்டரை மொத்தமாகப் பிரித்து மருந்தில் கழுவினார். வெள்ளிக்காசு ஒன்று செத்து மிதந்தது. மறுபடி கழுவினார். இன்னும் இரண்டு மிதந்தன. செவுளெல்லாம் சிவந்து, தீப்பட்ட மாதிரி இருந்தது. வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்வேன். எங்களால் ஆனது அவ்வளவுதான். கண்ணெதிரே சாகிற ஒரு ஜீவனைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று அப்போது தெரிந்தது.

"என்னங்க, அவர்கிட்டயே கேளுங்களேன். இத்தனை வருஷம் வளர்த்தவரு."

"அவர் இருக்கிற நிலைமையில இதைப் போய்ச் சொல்லச் சொல்றியா?"

அவர் நிலைமை எனக்கும் தெரியும். தையல்காரரின் கையில் ரத்தக்குழாய் நலிந்துகொண்டே வந்தது. இயந்திரம் எவ்வளவு இழுத்தாலும் கழிவு முழுதாகப் போகவில்லை; ஒவ்வொரு பரிசோதனையிலும் கூடிக்கொண்டே இருந்தது. வேறு இடத்தில் குழாய் வைக்க அவர் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்லவில்லை.

அதனால் அவர் "முதலாளி எப்படி இருக்காரு?" என்று கேட்கும்போதெல்லாம் இவர் "நார்மலா இருக்காரு ஐயா" என்பார். முதல் நாள் படத்தையே எடுத்துக் காட்டுவார். "என் ரிப்போர்ட்?" என்றால், "அதுவும் நார்மல்தான்."

முதலாளியம்மா செத்த மறுநாளும் அந்தப் படத்தைத்தான் காட்டினார். தையல்காரர் போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, கண்ணாடியில உங்க வீட்டுத் துண்டு ஒன்னு தெரியுது பாரு, நாற்காலி மேல."

"ஆமா ஐயா."

"அன்னிக்கு காட்டினப்பவும் இதே துண்டு. இதே மடிப்பு. ஒரு ஓரம் இதே மாதிரி தொங்கிச்சு. துணி ஒரு தடவை விழுந்த மாதிரி மறு தடவை விழாது தம்பி. இது பழைய படம்."

என் வீட்டுக்காரர் நின்றபடியே அழ ஆரம்பித்தார். நோயாளிகள் நிறைந்த அறையில், கையுறையோடு கண்ணைத் துடைக்க முடியாமல், எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில் தையல்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் குடுத்துவிட்ட ஸ்பாஞ்சை என்ன பண்ணின?"

"நல்லா கழுவிதான் ஐயா வெச்சேன். நம்ம மருந்துல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த அழுக்குதான் தம்பி ஃபில்டர். மீன் கழியறதையெல்லாம் தின்னு தீர்க்கிறது அதுல இருக்கிற உயிருங்கதான். கண்ணுக்குத் தெரியாது. அதை வளர்க்கத்தான் வருஷக்கணக்காச்சு, மீனை வளர்க்கிறது அப்புறம். நீ ஒரு குடும்பத்தையே பொசுக்கிட்டு, வெறும் வீட்டுல அவங்களைக் குடிவெச்சிருக்க. அவங்க கழிவுலயே அவங்க வெந்துட்டிருக்காங்க." கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன். முதல் வாரமே சொல்லியிருந்தா, மருமகனை வேற யார் தொட்டிக்காவது அனுப்பி அந்த அழுக்கை வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பேன்."

"இப்ப என்ன ஐயா பண்றது?"

"தண்ணியை மாத்து. பாதி எடு, பாதி ஊத்து. தினமும் பண்ணு. இனிமே அழுக்கைக் கொண்டுவந்து வெச்சாலும் அது பிடிக்கிற வரைக்கும் அந்த உடம்பு தாங்காது. வேற ஒன்னும் பண்ண முடியாது."

இயந்திரம் கத்தியது. நான் போய்ச் சத்தத்தை நிறுத்தினேன். தையல்காரர் பக்கத்தில் குழாயில் சுற்றிக்கொண்டிருந்த தன் ரத்தத்தைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"முதலாளி நார்மல்னு சொன்ன வாயாலதானே என் ரிப்போர்ட்டையும் சொன்ன?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் குழாயைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அந்த அறையில் அத்தனை பேரும் எங்களையே பார்ப்பது போல் இருந்தது. பார்த்தார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஒவ்வொருவரிடமும் அதையேதானே சொல்லியிருக்கிறோம்.

"சரி, முதல்ல அவரைப் போய்ப் பாரு" என்றார் தையல்காரர்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து வாளி வாளியாக இறைத்தோம். இவர் எடுத்து ஊற்ற, நான் நிரப்பித் தர. அவ்வளவு பெரிய தொட்டியில் பாதித் தண்ணீர் என்றால் எவ்வளவு என்பது முதுகுக்குத்தான் தெரியும். மாளிகை கட்டியதற்கு அன்றுதான் அவரைத் திட்டாமல் இருந்தேன். மறுநாளும் இறைத்தோம். முதலாளி அடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கண் மட்டும் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தது, நாங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறோமா என்று.

அதற்கு அடுத்த நாள் தையல்காரர் வந்தார். மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தானே நடந்துவந்து நாற்காலியில் சாய்ந்தார். சட்டைக் கையை மடித்தார். மடிப்பு கோணாமல், விரலால் நீவி நீவி மடித்தார்.

"எப்படி இருக்காரு?"

என் வீட்டுக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேராக உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நல்லா இல்ல ஐயா."

"நான்?"

"நீங்களும் நல்லா இல்ல ஐயா."

"ஏதாவது பண்ண முடியுமா?"

"இப்ப பண்ணிட்டிருக்கிறதைத்தான் பண்ண முடியும். வேற ஒன்னும் முடியாது."

தையல்காரர் தலையை ஆட்டினார். பிறகு கையை என் பக்கம் நீட்டினார்.

"சரிம்மா, ஊசியைப் போடு."

போட்டேன்.